இல்லம் பேணல்: ஓட்டிடையே கறுத்த கோடுகள்



நம் பாட்டிமார் காலத்து வீடுகளில் தரை என்பது ஒரே பரப்பு. சாணம் மெழுகிய மண் தரையாயினும், பின்னர் வந்த சிமெண்டுத் தரையாயினும், காவி கலந்து தேய்த்த சிவப்புத் தரையாயினும், அவற்றில் இடுக்கு என்பது கிடையாது. கூட்டிப் பெருக்கி ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் வேலை முடிந்தது. டைல்ஸ் எனப்படும் பீங்கான் ஓடுகள் வீட்டினுள் நுழைந்த பின்னரே, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே ஓடும் கோடு என்றொரு புதிய பொருளும், அதைத் துப்புரவு செய்தல் என்றொரு புதிய வேலையும் நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தன. கொத்தனார்கள் அக்கோட்டை ‘ஜாயிண்ட்’ என்பர். நாம் இங்கு இடுக்கு என்றே வழங்குவோம்.

ஓடு கண்ணாடிபோல் மின்னுகிறது, இடுக்கு மட்டும் கரி பூசினாற்போல் கிடக்கிறது என்பது இல்லத்தரசிகள் பலரின் முறையீடு. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும் வேளையிலும், பெண் பார்க்க வருகிறார்கள் என்னும் வேளையிலும், குடியிருந்த வாடகை வீட்டை ஒப்படைக்கும் வேளையிலும் இம்முறையீடு வலுக்கும். அப்பொழுது அக்கம்பக்கத்தார் கூறும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: ஆசிட் ஊற்றுங்கள் என்பது. அப்போத்தலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் நேர்வது என்ன என்பதையும், கொண்டுவராமலே இடுக்கை வெளுக்கச் செய்வது எவ்வாறு என்பதையும் இம்மாதம் சற்று விரிவாகவே காண்போம்.

இடுக்கில் நிரப்பப்படுவது பெரும்பாலும் சிமெண்டே. வெள்ளை சிமெண்டை நீரில் குழைத்துத் துணியால் தேய்த்து நிரப்புவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். இப்பொழுது நுண்மணலும் நிறமியும் பசைப் பொருளும் கலந்த கலவை பைகளில் கிடைக்கின்றது. எதுவாயினும், கெட்டியான பின் அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்திருக்கும். ஓட்டின் மேற்பூச்சு நீரைக் குடிப்பதில்லை, இடுக்கோ குடிக்கும். மேலும் இடுக்கு ஓட்டின் மட்டத்தைவிடச் சற்றே தாழ்ந்திருப்பதால், துடைக்கும் நீர் ஓட்டிலிருந்து வழிந்து அங்கேதான் சென்று தங்கும். ஒரே வாளி நீரில் துணியை மீண்டும் மீண்டும் நனைத்து மூன்று அறைகளையும் துடைக்கும்போது, தரையிலுள்ள அழுக்கை இடுக்குக்கு இடம் மாற்றுகிறோமேயன்றி வீட்டைவிட்டு வெளியேற்றுகிறோமில்லை. நாள் தவறாது துடைக்கும் வீட்டிலும் இடுக்குக் கறுத்துப் போவதற்குக் காரணம் இதுவே. ஆதலின், கறுத்த இடுக்கைக் கண்டு மாமியார் மருமகளைச் சோம்பேறி எனக் கருதுதல் அநியாயம்.

இனி ஆசிட்டுக்கு வருவோம். கடையில் அப்பெயரால் விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்டோ சுண்ணாம்புக் கல்லின் வழி வந்த பொருள். 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் ‘போர்ட்லண்ட் சிமெண்டு’ என்னும் பெயரில் காப்புரிமை பெற்றபோதே, சுண்ணாம்பையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைப்பதே அதன் செய்முறையாய் இருந்தது. கெட்டியாகிப் பல்லாண்டு கழிந்த பின்னும் சிமெண்டு காரத்தன்மை உடையது. காரப் பொருளின்மீது அமிலம் பட்டால் வாளாவிராது. நுரைத்துப் பொங்கும். அழுக்கெல்லாம் கொதித்து வெளியேறுகிறது என்று நாம் அதைக் கண்டு மகிழ்கிறோம். பொங்குவது அழுக்கன்று, இடுக்கேதான். அதன் மேற்பரப்பு நீரில் கரையும் உப்பாக மாறிக் கழுவிய நீரோடு போய்விடுகின்றது. மேலே படிந்திருந்த அழுக்கும் கூடவே போகின்றது. கீழே உள்ள புதிய பரப்பு வெண்மையாய்த் தெரிகின்றது. அழுக்கான கத்தரிக்காயைக் கழுவாமல் தோலைச் சீவி எறிவது போன்ற செயல் இது. கத்தரிக்காயாயின் நாளை வேறொன்று வாங்கலாம்.

அமிலம் அரித்த பரப்பு முன்னைவிடச் சொரசொரப்பானது. நுண்துளைகளும் அதில் மிகுதி. ஆகவே அது முன்னைவிட விரைவில் கறுக்கின்றது. உடனே மீண்டும் ஆசிட். ஒவ்வொரு முறையும் இடுக்குச் சிறிது தாழ்ந்து, ஒருநாள் ஆங்காங்கே காணாமலே போய்விடும். பின்னர் நீர் ஓட்டின் அடியில் இறங்கும்; விரலால் தட்டினால் வெற்றொலி எழும்; மாடிக் குளியலறையாயின் கீழ் வீட்டார் கூரையில் ஈரம் படரும். ஆசிட்டின் புகை பட்ட குழாய்களும், தண்ணீர் போகும் ஜாலியும் புள்ளி புள்ளியாய் அரிக்கப்படுவது தனிக் கணக்கு. கழிவறைக் கோப்பைக்கென விற்கும் திரவங்கள் பலவற்றிலும் இதே அமிலமே உள்ளது. போத்தலின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பர். கோப்பை பீங்கானால் ஆனது, தாங்கும். இடுக்குத் தாங்காது. பித்தளைக் குத்துவிளக்குக்கு உகந்த புளியும் எலுமிச்சையும், பாடுகளின் வரலாற்றில் காடி என நாம் கேட்டிருக்கும் வினிகரும் அமிலங்களே. அவற்றின் அரிப்பு மெல்லியது எனினும் அரிப்பே. சலவைக்கல் தரை, மொசைக் தரை, செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஆகியவற்றின்மீது இவற்றுள் எதையும் படவிடலாகாது. அங்கு இடுக்கோடு கல்லின் மெருகும் போய்விடும்.

நிற்க. இடுக்குக் கரைவது பொருள் நட்டம், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவியலாத வேறொன்று உண்டு. ஆசிட் ஊற்றியும் கறுப்பு முழுதும் நீங்காவிடில், சிலர் அதன்மீதே பிளீச்சிங் பவுடரைத் தூவுகின்றனர். அல்லது பிளீச்சிங் பவுடர் தூவிய தரைமீது கழிவறைத் திரவத்தை ஊற்றுகின்றனர். இரண்டும் சேர்ந்தால் இருமடங்கு வேலை செய்யும் என்பது அவர்கள் எண்ணம். அவ்விரண்டும் கலந்த கணமே குளோரின் வாயு எழுகின்றது. 1915 ஏப்ரல் 22-ஆம் நாள், முதல் உலகப் போரில், பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகருக்கருகே ஜெர்மானியப் படையினர் எதிரிகளின் பதுங்கு குழிகளை நோக்கித் திறந்துவிட்ட நச்சுப் புகை இதுவே. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. பள்ளத்தை நாடிச் சென்று தங்கும் இயல்பினது. சன்னல் சாத்திய சிறு குளியலறையில் அது தரையோடு தரையாய்ப் பரவி, நிற்பவரின் முகத்தை எட்டுமுன்னரே குந்தியமர்ந்து தேய்ப்பவரின் மூக்கை எட்டிவிடும்.

அங்கே குந்தியமர்ந்து தேய்ப்பவர் யார்? பல வீடுகளில் இல்லத்தரசி. வேறு பல வீடுகளில், நாம் ஊதியம் கொடுத்து அழைக்கும் ஒரு பெண். வெறுங்கையும் வெறுங்காலுமாய், எந்தப் போத்தலில் என்ன உள்ளது என்று அறியாதவராய் அவர் உள்ளே இருக்க, வெள்ளையாகும்வரை தேய்க்கச் சொல்லிவிட்டு நாம் கூடத்தில் அமர்ந்திருப்பது நியாயமன்று. நம் மார்புக்கு ஒவ்வாத புகை அவர் மார்புக்கும் ஒவ்வாது. கையுறை வாங்கிக் கொடுப்பதற்கு முன்பாக, அப்போத்தலையே அவர் கையில் கொடாதிருத்தல் நம் கடமை.

கண்ணெரிச்சலும் இருமலும் நெஞ்சு இறுக்கமும் தோன்றினால், தரையைக் கழுவிவிட்டு வருவோம் என்று தாமதிக்கலாகாது. உடனே திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும். சற்று நேரத்தில் தணிந்தாற்போல் தோன்றினும், நுரையீரலில் நீர் கோக்கும் கேடு சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டக் கூடும். ஆதலின் மருத்துவரிடம் காட்டிவிடுவதே அறிவுடைமை. ஆசிட் கண்ணிலோ தோலிலோ தெறித்துவிட்டால், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிப் பின் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அமிலத்தை முறிப்பதாக எண்ணிக் கண்ணில் சோடாக் கரைசலை இடுவது கூடவே கூடாது. குடிநீர்ப் போத்தலில் ஆசிட்டை ஊற்றி வைப்பதும், குழந்தைகள் உள்ள வீட்டில் மன்னிக்கத்தகாத அசட்டை. பெண்கள்மீது ஆசிட் வீசும் கொடுமைகளை முன்னிட்டு, 2013 ஜூலையில் நம் நாட்டு உச்சநீதிமன்றம் அதன் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குவோர் அடையாள அட்டை காட்ட வேண்டும், அவர்தம் விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும், 18 வயது நிரம்பாதோருக்கு விற்றலாகாது என்பன அதன் கூறுகள். சிறுவனிடம் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பி வாங்கிவரும் பண்டமன்று அது.

இனிச் செய்யத்தக்கதைக் காண்போம். முதலில் கறுப்பு இன்னதெனத் தெளிதல் வேண்டும். சமையலறை இடுக்கில் இருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும். கூடத்தில் இருப்பது காலோடு வந்த மண். குளியலறையில் சோப்புப் படிவும் பூஞ்சணமும். ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் உப்புப் படிவும், சில இடங்களில் இரும்புக் கறையும் இவற்றோடு சேரும். பூஞ்சணமோ பிசுக்கோ என ஐயம் எழுந்தால், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் நனைத்த பஞ்சை ஓரிடத்தில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். கறுப்பு வெளிறினால் பூஞ்சணம். மாறாது நின்றால் பிசுக்கும் மண்ணும். பார்த்தபின் அவ்விடத்தை நன்கு கழுவிவிடுங்கள்.

பிசுக்குக்கும் மண்ணுக்கும் உற்ற துணை சலவைச் சோடா. மளிகைக் கடையில் மலிவாய்க் கிடைக்கும் அதை ஆப்பச் சோடாவோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஆப்பச் சோடாவைவிட அதன் காரம் பன்மடங்கு மிகுதி. காரம் எண்ணெய்ப் பிசுக்கைத் தளர்த்தி, அதில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றி நீரோடு போகச் செய்யும். சிமெண்டும் காரம், சோடாவும் காரம். ஆதலின் இடுக்கை அது அரிப்பதில்லை. ஒரு லிட்டர் சூடான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும், பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகளும் போதும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் கரைக்காதீர்கள். அதை அரித்துக் கறுக்கச் செய்யும். கைக்கும் அது காய்ச்சலே. ரப்பர் கையுறை அவசியம்.

ஊற்றுமுன் தரையை உலரப் பெருக்கிவிட வேண்டும்; தூசியோடு நீர் சேர்ந்தால் சேறாகி இன்னும் ஆழமாய் இறங்கும். பின்னர் நான்கு சதுர அடி, ஐந்து சதுர அடி எனச் சிறு சிறு பகுதியாக எடுத்துக்கொண்டு, இடுக்கு முழுகும்படி கரைசலை ஊற்றி 15 நிமிடம் விட்டுவிடுங்கள். காய்ந்தால் இன்னும் சிறிது ஊற்றுங்கள். இந்தப் பதினைந்து நிமிடமே வேலையில் பாதியைச் செய்கின்றது. நம்மவர்க்கு வராதது இந்தப் பொறுமைதான். ஊற்றியவுடன் தேய்க்கத் தொடங்கித் தோள் வலிக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோம். தேய்ப்பதற்குக் கெட்டியான நைலான் பிரஷ் வேண்டும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் மயிர் இதற்கு மெத்தென்று இருக்கும். கத்தரியால் அதைப் பாதியாய் வெட்டிவிட்டால் விறைத்து நின்று நன்கு உழைக்கும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் கம்பி நாரும் ஆகா. அவை ஓட்டைக் கீறும். உதிரும் இரும்புத் துகள் இடுக்கில் தங்கித் துருவேறிப் புதிய கறையாகும்.

தேய்த்தபின் கரிய நீர் நிற்கும். அதை அப்படியே தள்ளிப் பரப்பினால் அடுத்த இடுக்குக் குடித்துவிடும். உறிஞ்சும் துணியால் ஒற்றி எடுத்துப் பிழிந்து வெளியே கொட்டி, நல்ல நீரால் இருமுறை கழுவி, மீண்டும் ஒற்றி எடுங்கள். குளியலறையாயின் வைப்பரால் ஜாலியை நோக்கித் தள்ளிவிடலாம். பல ஆண்டுக் கறுப்பு ஒரே முறையில் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டா. ஒருநாள் விட்டு இரண்டாம் முறையும், தேவையாயின் மூன்றாம் முறையும் செய்யும்போதுதான் இடுக்கின் மெய்யான நிறம் தெரியவரும். ஈரமாயிருக்கையில் எல்லா இடுக்கும் கறுப்பாகவே தோன்றும். முற்றும் உலர்ந்தபின் பார்த்துத் தீர்ப்புக் கூறுங்கள்.

சமையலறையில் சோடாக் கரைசலை ஊற்றியதும் சில இடங்களில் இடுக்குச் சிவந்துபோகக் கண்டு திடுக்கிட வேண்டா. அது மஞ்சள் தூளின் வேலை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பதை அறிந்த நமக்கு இது வியப்பன்று; காரம் பட்ட மஞ்சள் சிவக்கும். கழுவக் கழுவச் சிவப்புக் குறையும். எஞ்சிய மஞ்சளைச் சன்னல் வழி வரும் வெயிலே சில நாளில் வெளிறச் செய்யும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் கூறியாக வேண்டும். ஆப்பச் சோடாவை இடுக்கில் தூவி அதன்மேல் வினிகரை ஊற்றினால் அழுக்குப் பறந்துவிடும் என்று பலரும் பலருக்குச் சொல்லி வருகின்றனர். நுரை பிரமாதமாய் எழும் என்பது உண்மை. ஆனால் அது நம் சோடா போத்தலில் எழும் அதே கரியமில வாயுவேயன்றி வேறன்று. காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, முடிவில் எஞ்சுவது சற்றே உப்புக் கரித்த நீர். அதன்பின் கறுப்பு நீங்கினால், நீக்கியது தேய்த்த கையேயாகும்.

பூஞ்சணத்துக்கு மட்டும் பிளீச் தேவைப்படும். அதையும் சோடாவால் கழுவி, நல்ல நீரால் அலசியபின் கடைசியாகவே இட வேண்டும். அழுக்கின்மேல் இட்டால் அதன் வலிமை அழுக்கோடேயே செலவாகிவிடும். கடைகளில் கிடைக்கும் திரவ பிளீச்சாயின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேருங்கள். பிளீச்சிங் பவுடராயின் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சிறிது நேரம் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் பயன்படுத்துங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு தரையில் வெண்படலமாய்ப் படியும். சன்னலையும் கதவையும் திறந்து வைத்து, 10 நிமிடம் விட்டுப் பிறகு நீர் விட்டு அலசிவிடுங்கள். நிறம் கலந்த இடுக்காயின் மூலையில் ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள். நிறம் வெளிறக் கூடும். அன்றைய நாளில் ஆசிட், கழிவறைத் திரவம், வினிகர், எலுமிச்சை, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகிய எதுவும் அக்குளியலறைக்குள் நுழையலாகாது. அம்மோனியாவும் பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயுவே.

செம்பழுப்பாய்த் தெரியும் இரும்புக் கறைக்குப் பிளீச் பயன்படாது. கறையை மேலும் அழுத்தமாக்கவும் கூடும். அமிலத்துக்கு நாம் அளிக்கும் ஒரே விலக்கு இதுதான். எலுமிச்சை உப்பு என மளிகைக் கடையில் விற்பதை ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, இடுக்கை முதலில் நீரால் நன்கு நனைத்து அதன் துளைகளை நிரப்பிவிட்டு, கறைமீது மட்டும் தடவி, இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவி, மேலே சோடா நீரையும் ஊற்றி அலசிவிட வேண்டும். பிளீச் இட்ட நாளில் இதைச் செய்யலாகாது.

முன்பே ஆசிட் பட்டுக் குழிந்துபோன இடுக்குகளை எந்தக் கரைசலும் மீட்காது. அவற்றைச் சுரண்டிப் புதிதாய் நிரப்புதலே வழி. சுரண்டும்போது எழும் சிமெண்டுத் தூசி மூச்சுக்குத் தீங்கானது; நீர் தெளித்துக்கொண்டே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுரண்டுதல் நலம். சில மில்லிமீட்டர் ஆழமேனும் சுரண்டாமல் மேலே பூசினால், புதியது சில வாரத்தில் செதிலாய் உரிந்துவிடும். நிரப்பியபின் 24 மணி நேரம் நடமாட்டமின்றி விட்டு, கலவைப் பையில் கூறியுள்ளபடி சில நாள் ஈரங்காத்து வர வேண்டும். இறுகி முற்றும் உலர்ந்த இடுக்கின்மேல், நீர் இறங்காது தடுக்கும் பூச்சுத் திரவம் ஒன்றைத் தடவுவது உண்டு. பெயிண்டுக் கடைகளில் கேட்டுப் பெறலாம். அது என்றென்றும் நிற்பதில்லை. இடுக்கின்மீது ஒரு துளி நீர் விட்டு, அது முத்தாய் நின்றால் பூச்சு உள்ளது என்றும், உறிஞ்சப்பட்டு அவ்விடம் கறுத்தால் மீண்டும் பூச வேண்டும் என்றும் அறிந்துகொள்ளலாம்.

அன்றாடம் துடைக்க இரண்டு வாளிகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று சோப்பு நீருக்கு, மற்றொன்று துணியை அலசுவதற்கு. அலசும் வாளி கலங்கியதும் நீரை மாற்றிவிட வேண்டும். குளித்து முடித்தவர் வைப்பரால் ஒருமுறை தரையை இழுத்துவிட்டு வரும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் ஆடவருக்கும் கற்பித்துவிட்டால், பூஞ்சணத்துக்கு வேண்டிய ஈரம் அங்கே தங்காது.

புதிதாய் வீடு கட்டுவோருக்கு ஒரு சொல். குளியலறைக்கும் சமையல் மேடைக்கும் எப்பாக்ஸி எனப்படும் பிசின் கலவையை இடுக்கில் நிரப்பச் செய்யலாம். விலை மிகுதி, இடுவதற்குக் கைத்தேர்ச்சியும் வேண்டும். ஆயினும் அது நீரையும் எண்ணெயையும் குடிப்பதில்லை. அதற்கு வசதியில்லையெனில் சிமெண்டுக் கலவையிலேயே சாம்பல் நிறத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொத்தனார் வெள்ளைதான் எடுப்பாயிருக்கும் என்பார். இடுக்கைத் தேய்க்கப்போவது அவரல்லர். பொருள் வாங்கும் பட்டியலில் நிறத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்து, நிரப்பும் நாளில் அருகே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.